அந்த 22 பேர்

2004ஆம் ஆண்டு. நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பேசும் ஆலோசகர் வேலையில் நான் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. புறநோயாளிகள் வரிசையைத் தாண்டி, மருந்துக் கிடங்கை ஒட்டி எனக்கு ஒரு சின்ன அறை. கதவுக்குப் பதில் பச்சைத் திரை. ஒரு நாள் மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில், நாற்பது வயது மதிக்கத்தக்க லாரி ஓட்டுநர் ஒருவர் வந்து திரைக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார்.

“ஏனுங்க சிஸ்டர், பாய்மாருங்களுக்கு இந்த வியாதி அவ்வளவா வராதுங்களாமா? சுன்னத் பண்ணிக்கிறதாலன்னு புக்கிங் ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. நெசங்களா?”

“அதெல்லாம் வதந்திங்க அண்ணா. யாருக்கு வேணாலும் வரும்” என்றேன்.

“சரிங்க” என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பரிசோதனை செய்துகொள்ளவில்லை. மறுபடி வரவும் இல்லை.

எனக்குக் கொடுத்த பயிற்சியில் வதந்திகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கொசு கடித்தால் வருமா, ஒரே தட்டில் சாப்பிட்டால் வருமா என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சுன்னத் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இல்லாததால் இதுவும் அந்த வரிசையில் சேர்ந்ததுதான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். இன்னொரு பயமும் இருந்தது. ஒரு மதத்துக்காரர்களுக்கு இந்த நோய் வராது என்று நான் சொன்னதாக வெளியே பேச்சு போனால் என்ன ஆகும்? அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் நான் சொன்ன பதில் தவறு.

அதே 2004ல்தான் புனேயில் நடந்த ஓர் ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்தவர்களில் எச்.ஐ.வி. இல்லாத 2,298 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். சுன்னத் செய்தவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருந்ததில் ஏழில் ஒரு பங்கு அளவுதான் இருந்தது. அதைவிட முக்கியமான செய்தி, சிபிலிஸ், கொனோரியா, ஹெர்பிஸ் போன்ற மற்ற நோய்களில் அப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை. மார்க்கக் கட்டுப்பாட்டால் தப்பித்தார்கள் என்றால் அந்த நோய்களும் குறைந்திருக்க வேண்டுமே! அவை குறையாமல் இது மட்டும் குறைந்தது என்றால், காரணம் நடத்தையில் இல்லை, உடம்பில் இருக்கிறது. புக்கிங் ஆபீஸில் அண்ணன்மார் பேசிக்கொண்டதில் விஷயம் இருந்திருக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது ஏழு வருடம் கழித்து, கென்யாவில்.

கணவருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. 2011ல் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் கிசுமு நகரத்துக்குப் பக்கத்து ஆலை ஒன்றில் இடம் கிடைத்துக் குடும்பத்தோடு போனோம். சுற்றிலும் கரும்புக் காடு. மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் ஏரிப் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்து ஒரு பாட்டம் கொட்டிவிட்டு ஓயும். வீட்டு வேலைக்கு ஓர் அம்மா வந்தார். அங்கே பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், பிள்ளையின் பெயரோடு ‘மாமா’ என்று சேர்த்துத்தான் அழைப்பார்கள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. எனக்கு அது வாயில் பழக ஒரு மாதம் ஆனது. இங்கே நான் மாமா என்று எழுதுவது அவரைத்தான்.

மாமா லுவோ இனத்தைச் சேர்ந்தவர். கணவர் ஏரியில் மீன் பிடித்தவர், எய்ட்ஸில் இறந்துபோனார். ஏரிக்கரைப் பிழைப்பைப் பற்றி அவர் சொன்ன ஒன்று இன்னும் மனதில் இருக்கிறது. கரையில் மீன் வாங்கி விற்பதெல்லாம் பெண்கள். படகுக்காரன் தன் மீனை எந்தப் பெண்ணுக்குக் கொடுப்பது என்பதைக் காசு மட்டும் தீர்மானிப்பதில்லை. படுத்தால்தான் மீன். அதற்கு ‘ஜபோயா’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நாமக்கல்லில் உட்கார்ந்து லாரி, நெடுஞ்சாலை என்று பேசிக்கொண்டிருந்தவளுக்கு, வேறொரு நாட்டில் அதே நோய் மீன் கூடையில் ஏறிப் போகிறது என்பது புரிய அவ்வளவு நேரம் ஆகவில்லை.

2011 ஆகஸ்டில் பள்ளி விடுமுறை விட்டதும் மாமா என்னிடம் ஓர் உதவி கேட்டார். பதினேழு வயது மகனுக்கு ‘தோஹாரா’ செய்ய வேண்டும், பெற்றவர் கையெழுத்து வேண்டுமாம், கூட வர முடியுமா என்றார். தோஹாரா என்றால் சுன்னத். உங்களில் அந்த வழக்கம் உண்டா என்று கேட்டேன். “இல்லை. இது மருத்துவம்” என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது.

தமிழில் இதற்கு மதம் சாராத சொல்லே இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள். சுன்னத், கத்னா என்பது முஸ்லிம் வீட்டுச் சொல். விருத்தசேதனம் பைபிள் சொல். தோல் இறுக்கமாக இருக்கிறது என்று ஆபரேஷனுக்கு வருகிற இந்துப் பையனின் அப்பாகூட “சுன்னத் ஆபரேஷன்” என்றுதான் சொல்வார், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. முன்தோல் நீக்கம் என்று காகிதத்தில் எழுதலாம், யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லில் மதம் ஒட்டிக்கொண்டிருக்கும்போது மருத்துவமாக அதைப் பேசுவது எவ்வளவு கடினம்!

கென்யாவில் ஒட்டிக்கொண்டிருப்பது இனம். கிக்குயு, கலெஞ்சின், லூயா, கீசி போன்ற இனங்களில் பையன் ஆணாவதே இந்தச் சடங்கால்தான். லுவோக்களிடம் அது கிடையாது. அவர்களுடைய பழைய சடங்கு கீழ்வரிசை முன்பற்கள் ஆறைப் பிடுங்குவது. ஆகவே மற்றவர்கள் பார்வையில் லுவோ ஆண் எவ்வளவு வயதானாலும் பையன்தான். அரசியல் மேடைகளில் இதைச் சொல்லியே இழிவுபடுத்தியிருக்கிறார்கள், “ஒரு பையனா நாட்டை ஆள்வது” என்று.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2007 டிசம்பர் அதிபர் தேர்தலில் லுவோ இனத்தவரான ராய்லா ஒடிங்கா தோற்றதாக அறிவித்தார்கள். அதன்பின் வெடித்த கலவரத்தில் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். நைவாஷா, நகுரு பகுதிகளில் லுவோ ஆண்களைப் பிடித்து, கிடைத்த கத்தியால் கட்டாயமாக அறுத்தார்கள். சிலர் அதிலேயே உயிரை விட்டார்கள். பிறகு இது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வரை போனது. 2012 ஜனவரியில் நீதிபதிகள், இதைப் பாலியல் வன்முறை என்று வகைப்படுத்த முடியாது, இன வெறுப்பால் செய்த மனிதாபிமானமற்ற செயல்களில் அடங்கும் என்று முடிவு சொன்னார்கள். எனக்கு அந்த முடிவில் இன்றும் உடன்பாடில்லை. ஒருவனைப் பிடித்துப் படுக்கவைத்து அந்த இடத்தில் கத்தி வைப்பது பாலியல் வன்முறை இல்லை என்றால் வேறு எது?

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்து முடிந்த வேறொரு கதை. அந்தக் கலவரம் நடப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 2002ல், கிசுமுவில் லுவோ இளைஞர்கள் தாங்களாகவே வந்து அறுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள்.

எண்பதுகளின் இறுதியில் நைரோபியில் வேலை பார்த்த கனடா, கென்யா மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பால்வினை நோய் மருத்துவமனைக்கு வரும் ஆண்களில் முன்தோல் இருப்பவர்களுக்கே எச்.ஐ.வி. அதிகம் தொற்றுகிறது. ஆப்பிரிக்க வரைபடத்தில் எந்த இனத்தில் சுன்னத் வழக்கம் இருக்கிறது, எங்கே எச்.ஐ.வி. அதிகம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் பெரும்பாலும் எதிரெதிராக வந்தன. உள்ளே நடப்பதும் புரியாத புதிர் இல்லை. முன்தோலின் வெளிப்புறம் சாதாரணத் தோல். உட்புறம் அப்படியில்லை, உதட்டின் உட்பக்கம் மாதிரி மெல்லியது, ஈரமானது. எச்.ஐ.வி. வைரஸ் எந்த உயிரணுக்களைத் தேடிப் பிடிக்குமோ அவை அங்கே மேலாகவே இருக்கின்றன. உடலுறவின்போது தோல் பின்னால் போக, அந்த உட்பக்கம் முழுவதும் வெளியே திரும்பிவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் வைரஸுக்கு நுழைய இடம் குறைகிறது.

ஆனாலும் மதம், உணவு, பழக்கம், குடி என்று வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்ற கேள்வி இருந்துகொண்டே இருந்தது. அதைத் தீர்க்க ஒரே வழி, வேறு எந்த வித்தியாசமும் இல்லாத ஆண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அறுவை, மறு பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு என்று வைத்துப் பார்ப்பது. மூன்று இடங்களில் செய்தார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே ஆரஞ்ச் ஃபார்மில் பெர்ட்ரான் ஓவெர் குழு, 3,274 பேர். உகாண்டாவின் ரகாயில் ரொனால்ட் கிரே குழு, 4,996 பேர். கிசுமுவில் ராபர்ட் பெய்லி குழு, 18 முதல் 24 வயதுக்குட்பட்ட 2,784 பேர். 2005ல் தென்னாப்பிரிக்க முடிவு வந்தது. கிசுமு, ரகாய் ஆய்வுகளை 2006 டிசம்பரில், குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு, மறு பாதி ஆண்களைக் காத்திருக்க வைப்பது தர்மமில்லை என்பதுதான் காரணம்.

கிசுமுவின் கணக்கு இது. அறுவை செய்யாத குழுவில் 1,393 பேர், அவர்களில் 47 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அறுவைக் குழுவில் 1,391 பேர், அவர்களில் 22 பேருக்குத் தொற்றியது. பாதிக்கு மேல் குறைவு. மற்ற இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய அதேதான், ரகாயில் 45க்கு 22, ஆரஞ்ச் ஃபார்மில் 49க்கு 20. ஊர் வேறு, மொழி வேறு, வயது வேறு, முடிவு ஒன்றே. 2007 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இதை எச்.ஐ.வி. தடுப்பு வழிகளில் ஒன்றாகப் பரிந்துரைத்தது.

நான் இந்தக் கணக்கை முதன்முதலில் படித்தது கிசுமு வீட்டுச் சமையலறை மேஜையில், கடன் வாங்கிய ஓர் அச்சுப்பிரதியில். 47 என்ற எண்ணைத் தாண்டி என் கண் போகவே இல்லை, முதலில். மூன்றாவது முறை படிக்கும்போதுதான் 22ல் நின்றது. அந்த 22 பேர் யார்? எதிர்காலத்துக்கு நல்லது என்று நம்பித்தானே அந்தக் குழுவில் இருந்தார்கள்? அவர்களிடம் முடிவைச் சொன்ன ஆலோசகர் என்ன சொல்லியிருப்பார்?

சரி, ஆகஸ்டுக்கு வருகிறேன்.

கலவரம் நடந்த அதே 2008ல் கென்ய அரசு இதை மேற்குக் கென்யாவில் பெரிய திட்டமாக ஆரம்பித்தது. தொடக்கத்தில் லுவோ மூத்தோர் சபை எதிர்த்தது. நம்மை அறுத்தவர்கள் வழக்கத்தை நாமே எடுத்துக்கொள்வதா என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால் தப்பே இல்லை. செப்டம்பரில், கலவரத்துக்குப் பின் வந்த சமரசத்தில் பிரதமராகியிருந்த ஒடிங்கா பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார். இது சடங்கு அல்ல, லுவோ மரபு மாறப் போவதில்லை, விரும்பியவர் தன் உடல்நலத்துக்காகச் செய்துகொள்ளலாம் என்ற இடத்தில் பேச்சு நின்றது. மாமா சொன்ன “இது மருத்துவம்” அங்கிருந்து வந்த சொல்தான். நவம்பரில் திட்டம் தொடங்கியது. 2013க்குள் 8,60,000 ஆண்கள் என்பது இலக்கு. 2009 இறுதியில் 30 வேலை நாட்களில் மட்டும் 36 ஆயிரம் பேர் வரை செய்துகொண்டார்கள். சட்டம் போட்டோ பயமுறுத்தியோ இதைச் சாதிக்கவில்லை. பெரியவர்களுக்கு அவர்கள் கௌரவம் அவர்களிடமே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்ததில் கிடைத்தது. எந்த ஊர் சுகாதாரத் துறையும் போய்ப் படித்துக்கொள்ள வேண்டிய பாடம் இது.

நாங்கள் போன இடம் ஒரு சிறிய சுகாதார நிலையம். பின்பக்க மைதானத்தில் இரண்டு வெள்ளைக் கூடாரம். காலை எட்டரைக்கே நாற்பது ஐம்பது பையன்கள், சீருடைக் கால்சட்டையில் பாதிப் பேர். விடுமுறையில் செய்தால் பள்ளி திறப்பதற்குள் புண் ஆறிவிடும் என்பதால் அந்தக் கூட்டம். மாமா படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மகனிடமும் தனியாகக் கூப்பிட்டு, உனக்குச் சம்மதமா, அம்மா சொன்னதற்காக வந்தாயா என்று கேட்டார்கள். அவன் சம்மதம் இல்லையென்றால் அம்மா கையெழுத்து செல்லாது. அதைக் கேட்டதும் எனக்கு அந்த இடத்தின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அறுவைக்கு முன் எல்லோரையும் மரத்தடியில் உட்கார வைத்து ஆலோசகர் பேசினார். முப்பது வயதிருக்கும். லுவோ, சுவாஹிலி, இங்கிலீஷ் மூன்றையும் கலந்து பேசினார், பக்கத்தில் இருந்த செவிலியர் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி போட்டார்.

“இதைச் செய்துகொண்டால் எச்.ஐ.வி. வராது. சரியா, தப்பா?”

பாதிக்கு மேல் கை தூக்கி ‘சரி’ என்றார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பத்துப் பேரை எழுப்பி வரிசையாக நிற்க வைத்தார். மாமாவின் மகன் அதில் எட்டாவது ஆள்.

“இந்தப் பத்துப் பேரும் அறுவை செய்துகொள்ளவில்லை, ஆணுறையும் போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கும் எச்.ஐ.வி. வந்துவிட்டது. இப்போது காலத்தைப் பின்னால் தள்ளுகிறேன். இந்தப் பத்துப் பேரும் இன்றைக்கு இங்கே அறுவை செய்துகொண்டார்கள். வேறு எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.” முன்னால் நின்ற ஆறு பேரின் தோளைத் தட்டி ஒவ்வொருவராக உட்காரச் சொன்னார். “இவர்கள் தப்பித்தார்கள்.”

நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

“இவர்களும் அறுவை செய்துகொண்டவர்கள்தான். வலியைத் தாங்கியவர்கள்தான். இவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?”

யாரும் பேசவில்லை. நின்ற நாலு பேரில் ஒருவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. மாமாவின் மகன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் இருக்கும், அரை நிமிடம் இருக்குமா? ஆலோசகர் அவசரப்படவே இல்லை. பிறகு தன் பையிலிருந்து ஆணுறைப் பெட்டியை எடுத்து, அந்த நாலு பேர் கையிலும் ஆளுக்கு ஒரு பட்டை வைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

நான் நாமக்கல்லில் மூன்று வருடம் பேசியிருக்கிறேன். ஆயிரக்கணக்கான பேரிடம். இப்படி ஒரு தடவைகூட நான் பேசியதில்லை. ‘தடுக்கும்’, ‘குறைக்கும்’ என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பதை அவர் நாலு பையன்களை நிற்க வைத்துக் காட்டிவிட்டார். அறுபது சதவீதம் என்பது ஊருக்கான கணக்கு. ஒரு ஆளுக்கு அறுபது சதவீதம் எச்.ஐ.வி. வராமல் இருக்காது. வரும், இல்லையென்றால் வராது. ஊர்க் கணக்கை அந்த ஒருவன் கையில் எப்படிக் கொடுப்பது என்பதுதான் எங்கள் வேலையே.

அறுவை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மரத்துப்போக ஊசி, தோலை இழுத்துப் பிடித்து வெட்டு, தானே கரைந்துவிடும் தையல், கட்டு. செய்தவர் பயிற்சி பெற்ற செவிலியர். கென்யாவில் மருத்துவர்கள் பற்றாக்குறை என்பதால் செவிலியர்களுக்கும் இதைச் செய்ய அனுமதி கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு தடவை, ஏழாம் நாள் ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். பையன் கால்களை அகட்டி வாத்து மாதிரி நடந்து வந்தான். அம்மாவைப் பார்த்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். போகும் வழியில் மாமா அவனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஆறு வாரம் உடலுறவு கூடாது என்பதைப் படிவத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஏன் அவ்வளவு அழுத்தம் என்றால், ஆறாத புண் முன்தோலைவிடப் பெரிய வாசல். ரகாயிலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. ஏற்கெனவே இருக்கும் ஆண்களுக்கு அறுவை செய்தால் அவர்கள் மனைவிமார்களுக்குத் தொற்றுவது குறையுமா என்று 922 ஆண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 2009ல் முடிவு வந்தது. குறையவில்லை. அறுவை செய்துகொண்டவர்களின் மனைவிமாரில் 18 சதவீதம் பேருக்குத் தொற்றியது, மற்றவர்களின் மனைவிமாரில் 12 சதவீதம். இந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது, ஆனால் புண் ஆறும் முன்பே சேர்ந்தவர்களிடம்தான் ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. பலன் இல்லை என்று தெரிந்ததும் ஆய்வை நிறுத்தினார்கள்.

மாமா இதைத்தான் கேட்டார். அன்று சாயந்திரம் உகாலி என்ற மக்காச்சோளக் களிக்கு மாவைக் கிண்டிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்: “இது பெண்களுக்கு என்ன செய்யும்?”

எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை நேரடியாக ஒன்றும் செய்யாது என்றேன். ஊரில் ஆண்களுக்குத் தொற்று குறைந்தால் வருங்காலத்தில் பெண்களுக்கும் குறையும். ஏற்கெனவே தொற்று இருக்கிற ஒருவனிடமிருந்து அவன் மனைவியை இது காப்பாற்றாது. அவர் கரண்டியை நிறுத்தவில்லை. “அப்படியென்றால் என் புருஷன் செய்துகொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்ல முடியாது.” முடியாது மாமா, என்றேன். “நல்லது. தெரியாமல் ஏங்கிக்கொண்டிருந்தேன்” என்றார். அவர் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சாப்பிடுகிறவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

சமையலறைச் சுவரில் ஆலை கொடுத்த காலண்டர் ஒன்று தொங்கியது. மகன் அறுவை செய்துகொண்ட நாளிலிருந்து எண்ணி, நாற்பத்திரண்டாம் நாளில் மாமா சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். தேதிக்குக் கீழே எதுவும் எழுதவில்லை. எதற்கு என்று அவனுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தாயும் மகனும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. வட்டம் பேசிக்கொண்டிருந்தது.

கிசுமு இருக்கும் நியான்சா மாகாணத்தில் 2007ல் 48 சதவீத ஆண்கள் அறுவை செய்துகொண்டவர்களாக இருந்தார்கள், 2012ல் 66 சதவீதம். கிசுமுவில் ஆய்வில் இருந்தவர்களை ஆறு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தபோதும் காப்பு 58 சதவீத அளவில் நிலைத்திருந்தது. இனிமேல் பயமில்லை என்று ஆண்கள் ஆணுறையை விட்டுவிடுவார்கள் என்று பலர் எச்சரித்தார்கள். கிசுமுவில் தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. மரத்தடியில் ஒருவர் நின்று பேசிய பேச்சுக்கு அதில் பங்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் 2019 முடிவு வரை 2.6 கோடிக்கு மேற்பட்ட ஆண்கள் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். செலவில் பெரும்பகுதி அமெரிக்கப் பணம். 2025 தொடக்கத்தில் அந்த உதவி நிறுத்தப்பட்டபோது, உயிர் காக்கும் கூட்டு மருந்து போன்றவற்றுக்கு விலக்குக் கிடைத்தது, இதற்குக் கிடைக்கவில்லை. கூடாரங்களை நினைத்துக்கொண்டேன்.

நம் ஊருக்கு இது வேண்டுமா என்று யாராவது கேட்டால் என் பதில், திட்டமாக வேண்டாம் என்பதுதான். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் தொற்று ஊரெங்கும் பரவி, அதுவும் ஆண் பெண் உறவில் பரவி, சுன்னத் வழக்கம் குறைவாக இருக்கும் நாடுகளுக்குத்தான். இந்தியாவில் பெரியவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர் அளவில்தான் தொற்று, அதுவும் சில குழுக்களில் கூடுதலாக. ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு இதனால் அதே அளவு பலன் என்று நிரூபிக்கவும் இல்லை. ஊரையே அறுத்து நிறுத்தும் தேவை இங்கே கிடையாது. இதற்கு மதம் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதையும் நாம் மறக்க வேண்டாம்.

ஆனால் கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லும் தேவை இருக்கிறது. அவர் நாட்டுக்காகக் கேட்கவில்லை. தனக்காகக் கேட்டார். இப்போது யோசித்தால், அவர் கேட்டது சுன்னத் பற்றியே அல்ல. எங்கேயோ போய் வந்திருக்கிறார், பயம் வந்திருக்கிறது, அந்தப் பயத்தைச் சொல்ல இதை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டு திரை வரைக்கும் வந்துவிட்டார். நான் நாலு சொல்லில் அனுப்பிவிட்டேன். அவருக்கு இப்போது அறுபது வயது தாண்டியிருக்கும். இன்னும் இருக்கிறாரா, அன்றைக்கு உடம்பில் ஒன்றும் இல்லாமல்தான் போனாரா என்பது எனக்குத் தெரியாது. பல தடவை மனதுக்குள் அந்தத் திரையைத் திறந்து அவரிடம் பேசியிருக்கிறேன். கடைசியாகப் பேசியது இப்படி.

“அண்ணா, புக்கிங் ஆபீஸ்ல சொன்னது பொய் இல்லீங்க. அந்தத் தோலை எடுத்தவங்களுக்கு, பொம்பளைங்ககிட்ட இருந்து வர்றது பாதிக்கு மேல குறையுதுங்க. ஆனா பாய்மாருங்களுக்கு வராதுன்னு இல்லீங்க, எடுத்துட்டும் வந்தவங்க இருக்காங்க. உங்களுக்கு ஏற்கெனவே இருந்தா, வீட்ல அக்காவுக்குப் போறதை அது நிறுத்தாதுங்க. அதுக்கு நிரோத்தும் மாத்திரையும்தான். இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். வெயில்ல நின்னுட்டே இருக்கறீங்களே, உள்ள வந்து உக்காருங்க. தண்ணி குடிங்க. எப்பப் போனீங்க, எவ்வளவு நாளாச்சுன்னு மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.”